ஆறாம் நம்பர் சிலைடர்

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ஜங்காரில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, காயல் கடலில் சேரும் அழிமுகத்தைக் கடக்கும் தட்டைப் படகு அது. மத்தியான வெயில். இரும்புத் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பக்கத்தில் ஒரு மீன் கூடை. அதிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி என் பாதத்துக்கு வந்தது. சுகமாக இருந்தது. நகரவில்லை.

கையில் எவர்சில்வர் சோற்று டப்பா. உள்ளே சோறு இல்லை. ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் உடைந்துபோன ஒரு சிலைடர்.

கூடைக்காரச் சேச்சி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அகத்து எந்தா? மீன் கறியோ?"

"இல்ல. லைட்டு சாமான்."

"லைட்டோ? சோத்துப் பாத்திரத்திலோ?"

திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஐயே! தின்னு முடிச்ச மீன் முள்ளு போல உண்டல்லோ."

அப்படித்தான் இருந்தது. நீளமாக, நடுவில் ஒடிந்து, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"இது போல ஒண்ணு தேடிப் போறேன்" என்றேன்.

"கிட்டலைன்னா?"

"என் வீட்டுக்காரர் இனிமே வேலைக்குப் போக முடியாது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். டப்பாவை அவளே மூடி என் கையில் வைத்தாள்.

"கிட்டும்" என்றாள்.

மூத்தவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுக்கு மட்டாஞ்சேரியில் லைட்டு வாடகைக் கடை. கல்யாணம், கோயில், பள்ளி, நாடகம் எதுவானாலும் போவோம். கடை இருக்கும் சந்து முழுக்க முன்பு சுக்கும் மிளகும் வைத்திருந்த குடோன். இப்போது பாதி குடோன் காப்பிக் கடை. ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து சுக்கு வாசம் வரும்.

என் வீட்டுக்காரர் பெயர் முத்து. தென்காசிப் பக்கம். சின்ன வயதில் இங்கே வந்து ஒரு நாடகக் கம்பெனியில் வயர் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி கலைந்தபோது ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ஹார்மோனியம். ஒருவர் திரைச்சீலை. இவர் டிம்மர் பெட்டி.

என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது வீட்டில் பெட்டி முதலில் இருந்தது. நான் இரண்டாவதாகப் போனேன்.

"மூத்தவளை நல்லாப் பாத்துக்க" என்றார். பெட்டியைச் சொன்னார்.

அன்றிலிருந்து அதற்கு மூத்தவள் என்றே பெயர். சண்டை வந்தால், "போங்க, உங்க மூத்தவகிட்ட சோறு கேளுங்க" என்பேன். அவரும் போய்ப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பசித்ததும் வருவார்.

பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மேலே வரிசையாக ஆறு நீளப் பள்ளம். பள்ளத்துக்கு ஒரு குமிழ். குமிழை மேலே தள்ளினால் மேடையில் அந்த விளக்கு மெல்ல மெல்லக் கூடும். கீழே இழுத்தால் மெல்ல அடங்கும். குமிழும் அதன் அடியில் இருக்கும் கரிப்பட்டையும் சேர்ந்ததுதான் சிலைடர். என் நடுவிரல் நீளம் ஓடும். அந்த நீளம் முக்கியம். நீளம் இருந்தால்தான் விடியலை நிதானமாகக் கொண்டுவரலாம்.

இப்போது வரும் சாமானில் கண்ணாடியைத் தொட்டால் போதும். மகள் ஒருமுறை செல்போனில் காட்டினாள். இவர் பார்த்துவிட்டு, "தள்ளுததுக்கு ஒண்ணுமே இல்லையே. பெறகு கை எதுக்கு?" என்றார்.

மிதியும் டியூப்பும்

எங்களுக்குப் பிடித்த வேலை சவிட்டு நாடகம். கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் பழைய கூத்து. ராஜா, மந்திரி, படை என்று ஜிகினா உடுப்பு மாட்டிக்கொண்டு, பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடுவார்கள். பாட்டில் பாதி பழைய தமிழ். ஆடுகிறவர்கள் மலையாளிகள். சில வார்த்தை அவர்களுக்குப் புரியாது.

ராஜா வேஷக்காரர் ஒருவர் இருந்தார். "அஞ்சேல், அஞ்சேல்" என்று மகனைப் பார்த்துப் பாட வேண்டும். அவர் மகனைப் பார்க்கமாட்டார். அட்டைக் குதிரை நிற்கும் பக்கம் திரும்பி அதன் கழுத்தைத் தடவுவார். வருஷக்கணக்காக அப்படி. ஒருநாள் நான் கேட்டேன்.

"குதிரைக்கு எதுக்கு ஆறுதல் சொல்லுதிய?"

"அஞ்சேல் குதிரையுடெ பேரல்லே சேச்சி?"

பயப்படாதே என்று அர்த்தம் என்றேன். அதற்குப் பிறகு மகனைப் பார்த்துத்தான் பாடினார். கை மட்டும் பழக்கத்தில் குதிரைப் பக்கம் போகும்.

இந்த மிதி ஒரு தொந்தரவு. அதிரும். பலகை அதிர்ந்து, தரை அதிர்ந்து, பெட்டிக்குள் பற்றவைத்த வயரெல்லாம் விட்டுப்போகும். அதனால் காற்றடித்த லாரி டியூப்பைத் தரையில் போட்டு அதன்மேல் பெட்டியை வைப்போம். நான் பக்கத்தில் வெறும் தரையில் உட்காருவேன். மூத்தவளுக்கு மெத்தை, எனக்குச் சிமெண்டு. இதையும் சண்டையில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பகுதிக் குழுவுக்கு அந்தோணி ஆசான் தலைவர். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் அவர். மேடையின் ஓரத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் அவரே. அவர்களின் நாடகத்தில் கடைசியில் ராஜகுமாரன் போரில் விழுவான். மேடை இருட்டாகும். பிறகு மாலாகா வரும். மாலாகா என்றால் தேவதூதன். வெள்ளைத் துணிக்குப் பின்னால் பெரிய ஹாலஜன் விளக்கு ஒன்று இருக்கும். அது ஆறாம் நம்பர் சிலைடர்.

அங்கே ஒரு முறை உண்டு. வெளிச்சம் வரும்வரை பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். வெளிச்சம் வந்தால்தான் மாலாகா காலை எடுத்து வைக்கும். ஆசானின் தாளம்கூட அங்கே விளக்குக்காரனுக்குக் காத்து நிற்கும். இவருக்கு அதில் ஒரு பெருமை. வெளியில் சொல்லமாட்டார். அன்றைக்குச் சட்டை மட்டும் இஸ்திரி போட்டதாக இருக்கும்.

விழுந்த நாள்

நான் ஜங்காரில் போனதற்கு முந்தின வருஷம், சர்ச் பெருநாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ராஜகுமாரன் விழுந்தான். மேடை இருட்டு. இவர் ஆறை மேலே தள்ளினார். வெளிச்சம் வந்தது. மாலாகா வந்தது. நான் வயர் சுற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது இவர் பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தார்.

அவர் பாரம் முழுக்க ஆறின்மேல் விழுந்து குமிழ் ஒடிந்து உள்ளே போய்விட்டது. விளக்கு முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றுவிட்டது. நாடகம் முடிந்து ஆட்கள் கைதட்டினார்கள். மாலாகா உள்ளே போய்ச் சிறகைக் கழற்றிவிட்டது. வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு ஆட்டோ. பிறகு ஆஸ்பத்திரி.

வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. முதலில் திரும்பி வந்தது பேச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஆறு அணைச்சியா?"

"அணைச்சாச்சு" என்றேன்.

திரும்பவும் தூங்கிவிட்டார்.

கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கம்பு ஊன்றி நடந்தார். வலது கை வரவில்லை. தூக்கினால் நடுங்கும். நடுங்கிக்கொண்டே கொஞ்ச தூரம் போகும், நிற்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வேலைக்கு நானும் இரண்டு ஆட்களும் போய்வந்தோம். அதற்கெல்லாம் எல்இடி போதும். பெட்டி மூலையில் கிடந்தது. நான் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினேன். மறுநாள் பார்த்தால் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த பெருநாள் நெருங்கியதும் ஆசான் வந்தார். சாயா கொடுத்தேன். ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"முத்துச்சேட்டா, எனக்கு மனசு இல்லா. பக்ஷே கம்மிட்டிக்காரர் எறணாகுளத்து ஆளைப் பேசி வச்சிருக்கு. எல்லாம் எல்இடி."

இவர் தலையாட்டினார்.

"ரிகேர்சலுக்குப் பெட்டி வேலை செய்தா நிங்கதான். ஞான் சண்டை போட்டு வாங்கித் தராம். இல்லெங்கில்…"

"இல்லைன்னா முன் வரிசையிலே ஒரு நாற்காலி போடுங்க, ஆசானே. நான் உக்காந்து பாக்கேன்" என்றார் இவர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆசான் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானச் சோறு வேண்டாம் என்றார். ராத்திரியும் வேண்டாம் என்றார்.

காலையில் நான் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். ஒடிந்த சிலைடரைக் கழற்றினேன். அவர் படுத்தபடியே பார்த்தார்.

"எங்க போற?"

"கடைக்கு."

"ஏட்டி, அதெல்லாம் இப்ப வாறதில்ல."

"பாத்துட்டு வாறேன்."

ஐந்து சிலைடரை வைத்து ஒப்பேற்றலாம் என்று மகள் சொன்னாள். "அப்ப மாலாகா வரும்போது ராஜாவை இருட்டிலே நிக்கச் சொல்லுதியா?" என்றார். ஆறும் வேண்டும்.

உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிகள்

முதலில் எறணாகுளம். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைகள் இருக்கும் தெரு. கடைக்காரர் சிலைடரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"சேச்சி, இதை இனி மியூசியத்திலே கொடுக்கணும்."

"அங்கே மாற்று கிடைக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை. பிறகு அவரே நெட்டில் தேடி ஒன்று வரவழைத்துத் தந்தார். பளபளவென்று இருந்தது. நீளம் பாதிதான். பள்ளத்துக்குள் வைத்தால் பால் பல் மாதிரி நின்றது.

மகள் இடப்பள்ளிக்குக் கூட்டிப்போனாள். அங்கே பெரிய மால். விளக்குக்கென்றே ஒரு தளம். அத்தனை வெளிச்சத்தில் கண் கூசியது. விற்கிற பையன் ஒரு விளக்கைக் காட்டினான்.

"அம்மா, ஸ்விட்சே வேண்டா. ஹலோ சொன்னா எரியும்."

நான் சொல்லவில்லை.

இடக்கொச்சியில் காயல் ஓரமாக ஒரு ஆக்ரிக் கடை. ஆக்ரி என்றால் இங்கே பழைய இரும்பு, காயலான் சாமான். படகு எஞ்சினும் செத்த ஃப்ரிட்ஜும் மலையாகக் குவிந்திருக்கும். அதற்குள் பழைய டேப் ரெக்கார்டர்கள் நிறைய. திறந்து திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சிலைடர் இருந்தது. எல்லாமே குட்டை. கை கறுத்ததுதான் மிச்சம். கடைக்காரர் கை கழுவ டீசலும் குடிக்கச் சாயாவும் தந்தார். எதை எதற்கு என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

கடைசியாக எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் பழம்பொருள் கடை. இதற்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் பக்கத்துக் கடையில் தேடியது கிடைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஜன்னலில் ஒரு பழைய நாடக டிம்மர் இருந்தது. மூத்தவளின் அக்கா மாதிரி. கடைக்காரர் பெயர் பஷீர். எங்களுக்குப் பழக்கம்.

"பஷீரிக்கா, அதைத் திறங்க."

"திறந்து எந்து கார்யம், பேச்சிச்சேச்சி? அகத்து ஒண்ணுமில்லா."

திறந்தார். உள்ளே காலி. குமிழ்களை வெளியிலிருந்து பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"ரெஸ்டாரன்டுக்காரர் வாங்கும். மேலே பூச்செடி வைக்கும்" என்றார் பஷீர். பிறகு மெல்லக் கேட்டார், "நிங்களுடெ பச்சைப் பெட்டியைத் தருமோ? நல்ல இடத்திலே வைக்காம்."

"அவளுக்கு இன்னும் உயிர் இருக்கு."

அவருக்கு வருத்தமாகிவிட்டது. கல்லாவைச் சாத்திவிட்டு யோசித்தார்.

"வைப்பினில் ஒரு திரேஸ்யாச்சேச்சி உண்டு. கெட்டியோன் பண்டு மைக் செட் வச்சிருந்து. ஆளு மரிச்சு. மிக்ஸர் இப்பவும் கட்டிலின் அடியிலே கிடப்புண்டு. நீளமான சிலைடர். ஞான் ரெண்டு வட்டம் கேட்டுப் போயி. ரெண்டு வட்டமும் சூலெடுத்து."

கெட்டியோன் என்றால் புருஷன். சூல் என்றால் துடைப்பம். அவருக்குக் கிடைத்தது அதுதான்.

அப்படித்தான் ஜங்காரில் ஏறினேன்.

கட்டிலுக்கு அடியில்

திரேஸ்யாச்சேச்சி என்னைவிட மூத்தவர். வாசலில் இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்.

"விக்கான் இல்லா."

"வாங்க வரல. ஒண்ணே ஒண்ணு வேணும்."

டப்பாவைத் திறந்து காட்டினேன். எப்படி உடைந்தது என்று கேட்டார். சொன்னேன். எனக்கு நீட்டிச் சொல்லத் தெரியாது. விழுந்தார், உடைந்தது, கை போயிற்று, பெருநாள் வருகிறது. அவ்வளவுதான் சொன்னேன்.

"ஏது கை?"

"வலது."

இறால் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். நானும் போனேன். இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தோம். கம்பளி போர்த்திய மிக்ஸர், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. ஒரு தூசி இல்லை. வரிசையாகச் சிலைடர்கள். என் உடைந்ததை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தேன். அதே நீளம். அதே கம்பிக் கால்.

இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.

அவர் மிக்ஸரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு எடுத்தா அவிடெ ஓட்டை கிடக்குமே. பல்லு போன கிழவன் போல."

"என்னோட உடைஞ்சதை அந்த இடத்திலே ஒட்டி வச்சுத் தாறேன். பாத்தா தெரியாது."

யோசித்தார்.

"எங்கில் எடுத்தோ. ஆனா இந்த அற்றத்து முதலாவதை எடுக்கண்டா. அது என்டெ கெட்டியோனுடெ மைக்கு. ஹலோ ஹலோன்னு அதிலேதான் சொல்லும்."

கடைசியில் இருந்ததை எடுத்தேன். அந்த இடத்தில் உடைந்ததை நிறுத்தி, நூல் சுற்றி, பசை போட்டு, குமிழை மேலே மாட்டினேன். வரிசை நிறைந்தது. திரேஸ்யாச்சேச்சி ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்து வந்தார். என்னுடையதற்கு வந்ததும் அது நகரவில்லை. அதையும் ஒரு தட்டுத் தட்டினார்.

"இவனும் நம்மட ஆளாயி" என்றார்.

கப்பைக் கிழங்கும் மீன் கறியும் வைத்தார். சாப்பிட்டேன். மிச்சத்தை என் டப்பாவிலேயே போட்டுத் தந்தார், "சேட்டனுக்கு" என்று. சிலைடரை முந்தானையில் முடிந்துகொண்டு ஜங்கார் ஏறினேன். போகும்போது பார்த்த மீன்காரச் சேச்சி அதில் இல்லை. இருந்திருந்தால் டப்பாவை இன்னொரு முறை திறந்து காட்டியிருப்பேன்.

பாதி தூரம்

நான் வயரைப் பிடித்தேன். அவர் இடது கையால் பற்றவைத்தார். ஈயம் சிந்தியது. இரண்டு முறை விட்டுப்போனது. மூன்றாவதில் பிடித்தது. பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டினோம். எல்இடி பல்பு இந்தப் பெட்டிக்குப் பேசாது.

ஆறைத் தள்ளினேன். ஒன்றும் எரியவில்லை.

இன்னும் தள்ளினேன். பாதி தூரம் வந்துவிட்டது. இருட்டு.

பாதியைத் தாண்டியதும் பல்பு விழித்துக்கொண்டது. கொஞ்சம் நகர்த்தினேன். ஒரே பாய்ச்சலில் முழு வெளிச்சம்.

மெல்ல வரவே இல்லை. பாதி வரை ஒன்றுமில்லை, பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. கெட்டதைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது சத்தத்துக்கு உள்ளது. காதுக்குத் தக்கன செஞ்சிருக்கான். கண்ணுக்குச் சரிவராது."

இது தெரியாமல் போயிற்று. நீளம் பார்த்தேன், கால் பார்த்தேன். உள்ளே இருக்கும் கரி வேறு மாதிரி ஏறும் என்று பார்க்கவில்லை. மைக் செட்டும் லைட்டும் பக்கத்துப் பக்கத்துத் தொழில். ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். அந்த நினைப்புத்தான் ஏமாற்றியது.

"நாளைக்கு வேற பாக்கேன்" என்றேன்.

அவர் குமிழைத் தள்ளிக்கொண்டே இருந்தார். திடீரென்று சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

"ஏட்டி, இது என் வலது கை மாதிரிலா இருக்கு. பாதி தூரம் சும்மாவே வருது."

பிறகு ஒன்று செய்தார். இடது கையால் வலது கையைத் தூக்கினார். ஐந்தாம் நம்பர்மேல் வைத்தார். கை நடுங்கியது. பல்பும் கூடவே நடுங்கியது. எடுத்து ஆறின்மேல் வைத்தார். கை நடுங்கியது. பல்பு அசையவில்லை. குமிழ் அந்தச் சும்மா தூரத்தில் இங்கும் அங்கும் ஆடியது, இருட்டு இருட்டாகவே இருந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

"மாலாகா மெல்ல வர வேண்டாம்லா" என்றார். "பட்டுன்னு வந்தாப் போதும்லா."

"போதும்" என்றேன்.

அன்றிலிருந்து வேலை அதுதான். இடது கை மற்ற ஐந்துக்கும். வலது கை ஆறுக்கு. வலது கை அங்கே சும்மா காத்துக் கிடக்கும். நேரம் வந்ததும் ஒரே தள்ளு. சில நாள் போகும். சில நாள் பாதியில் நிற்கும். நின்றால் திட்டுவார். கையைத்தான், என்னை இல்லை. நான் அடுக்களையில் இருந்தபடி வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ரிகேர்சலுக்கு ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனோம். கை முழுத் தூரமும் போயிற்று. வெளிச்சம் வந்தது. ஆசான் கம்மிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

பெருநாள்

லாரி டியூப்புக்குக் காற்றடித்து வைத்தேன். இஸ்திரிச் சட்டை. அவருக்கு ஒரு ஸ்டூல், பக்கத்தில் சிமெண்டுத் தரையில் நான்.

நாடகம் நன்றாகப் போயிற்று. இடது கை ஐந்து குமிழுக்கும் ஓடியது. ஒரு கை போதாத இடத்தில் என்னைப் பார்ப்பார். நான் நீட்டிப் பிடிப்பேன். வலது கையை ஆறின்மேல் முன்பே வைத்துவிட்டார். அது நடுங்கிக்கொண்டே கிடந்தது. மேடையில் யாருக்கும் தெரியவில்லை.

ராஜகுமாரன் விழுந்தான். ஐந்தையும் இடது கை வரிசையாக இறக்கியது. இருட்டு. பின்பாட்டு ஆரம்பித்தது.

வலது கை தள்ளியது. பாதி தூரம் போனது. நின்றது.

பின்பாட்டு அடியை முடித்துவிட்டு மறுபடி எடுத்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. இருட்டில் ஆசானின் தாளம் மட்டும் கேட்டது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார்.

தொடவில்லை.

மறுபடியும் அதே அடி. இப்போது மேடையில் நின்ற படைவீரர்களும் சேர்ந்து மிதிக்க ஆரம்பித்தார்கள். அது நாடகத்தில் இல்லாதது. யார் தொடங்கியது என்று தெரியாது. மிதி பலகையில் ஏறி, தரையில் இறங்கி, நான் உட்கார்ந்திருந்த சிமெண்டில் வந்து முதுகெலும்பில் தட்டியது. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியைப் பார்த்தேன்.

மறுபடியும் அதே அடி.

வெளிச்சம் வந்தது. ஒரே பாய்ச்சல். துணி முழுக்க வெள்ளை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மாலாகா காலை எடுத்து வைத்தது.

திரை விழுந்த பிறகு ஆசான் எங்கள் பக்கம் வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"சேட்டா, இந்த வருஷம் மாலாகா லேட்டாயிப்போயல்லோ."

"தூரத்திலேருந்து வரணும்லா, ஆசானே" என்றார் இவர்.

ஆசான் கையில் இருந்த தாளத்தால் பெட்டியின் பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அடுத்த வருஷமும் இது போல லேட்டாவட்டே. சனங்க எழுந்து நின்னது கண்டில்லே?"

போய்விட்டார். ஆட்கள் நாற்காலியை அடுக்கும் சத்தம். நான் வயர் சுற்ற ஆரம்பித்தேன். ஹாலஜன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. துணிக்குப் பின்னால் மாலாகா வேஷக்காரர் சிறகோடு நின்று பீடி தேடுவது நிழலாகத் தெரிந்தது.

"ஆறு அணைச்சியா?" என்றார்.

"நீங்களே அணைங்க" என்றேன்.

வலது கை குமிழை இழுத்தது. வெளிச்சம் உடனே போய்விட்டது. கை மட்டும் மிச்ச தூரத்தை மெல்ல இறங்கி வந்தது.